கந்தகத்துக்கு நோக்கம் தெரியாது

ராஜபாளையத்தில் பழங்காசு சேகரிப்போரும் கல்லூரி மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவு



ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கும் அவையில் காசைப் பற்றிப் பேச வந்தவன் பொற்கிழியை விட்டுவிட்டுத் தொடங்க முடியாது. பாண்டியன் சபையில் கட்டித் தொங்கவிட்ட பொற்கிழி பெரியாழ்வார் முன்னால் தானாகத் தாழ்ந்தது என்பது உங்கள் ஊர்ச் சிறுபிள்ளைக்கும் தெரிந்த கதை. அந்தக் கிழிக்குள் இருந்தது பொன். பொன்னைக் காற்று ஒன்றும் செய்யாது. தண்ணீரும் வியர்வையும் ஒன்றும் செய்யாது. ஆயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்தாலும் போன நிறத்திலேயே திரும்பி வரும். அதனிடம் போய், "இத்தனை காலம் எங்கே இருந்தாய்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. செம்பு அப்படியல்ல. பட்ட காற்று, கிடந்த மண், தொட்ட கை எல்லாவற்றையும் தன் மேல் எழுதி வைத்துக்கொள்ளும். அந்த எழுத்தை எப்படிப் படிப்பது, அதை எப்படி அழிக்கிறார்கள், எப்படிக் கள்ளத்தனமாக எழுதுகிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு கேள்வி எழும். நிறத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? காசு காசுதானே? சேகரிப்பு உலகில் அப்படி இல்லை. அமெரிக்காவில் 1986, 1987 வாக்கில் காசுகளைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் தோன்றின. செப்புக் காசு என்றால் தர எண்ணோடு நிறத்தையும் அவர்கள் எழுதுவார்கள்: சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என்று மூன்று வகை. அச்சடித்த நாளின் சிவப்பு அப்படியே நிற்கும் காசுக்கு ஒரு விலை. அதே வருஷத்து, அதே அச்சின் பழுப்புக் காசுக்கு அதைவிடக் குறைந்த விலை. நீலமும் ஊதாவும் ரோஜா நிறமும் படர்ந்த காசுக்கு ஆசைப்பட்டு விலையை ஏற்றுகிறவர்களும் உண்டு. நிறமேறிய காசுக்கு நம் பக்கத்து வியாபாரிகள் வாயில்கூட 'டோனிங் காசு' என்ற பேச்சு வந்துவிட்டது. எதற்கு விலை வந்ததோ அதற்குப் போலியும் வந்தே தீரும்.

நிறம் எப்படி ஏறுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்கசாலையிலிருந்து வெளிவந்த அன்று செப்புக் காசு இளஞ்சிவப்பாக இருக்கும். ஆக்சிஜன் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று அதன் மேல் உருவாகிறது. அது குப்ரஸ் ஆக்சைடு. கனிமவியலில் குப்ரைட் என்பார்கள். படலம் தடிக்கத் தடிக்கக் காசு செம்பழுப்பாகி, பிறகு பழுப்பாகிறது. காற்றிலோ வைத்த இடத்திலோ கந்தகம் இருந்தால் செப்பு சல்பைடு சேர்ந்து கறுக்கும். ஈரமும் கரியமில வாயுவும் நெடுங்காலம் கூடினால் மாலக்கைட் என்ற பச்சை. சில இடங்களில் அதன் உறவான அசுரைட் என்ற நீலம். உப்பு இருந்தால் குளோரைடு சேர்ந்த வேறொரு பச்சை. வானவில் நிறங்களின் கதை தனி. அங்கே சாயம் எதுவும் இல்லை. மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறம் காட்டுகிறது. மழை நாளில் பஸ் ஸ்டாண்டில் தேங்கிய தண்ணீர் மேல் டீசல் படலம் காட்டும் ஜாலமும் இதுவேதான். தடிமன் கொஞ்சம் மாறினால் நிறமும் மாறும்.

சைவ சித்தாந்தத்தில் ஓர் உவமை உண்டு. செம்பில் களிம்பு எப்படி உடனாகவே இருக்கிறதோ, அப்படி உயிரில் ஆணவ மலம் தொடக்கமில்லாத காலந்தொட்டு இருக்கிறது என்பார்கள். வைணவத் தலத்துக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தத்துவத்துக்கு அந்த உவமை பொருந்தட்டும். வேதியியல் இதில் மாறுபடுகிறது. காற்றும் ஈரமும் படாமல் வைத்தால் செம்பில் களிம்பு ஏறவே ஏறாது. களிம்பு செம்போடு பிறந்ததன்று, வாழ்ந்த இடத்தில் வாங்கிக்கொண்டது. ஒரு காசின் நிறத்தைச் சான்று என்று நாம் சொல்வது அதனால்தான்.

நம் ஊர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே மலை, ஐயனார் அருவி, செண்பகத்தோப்பு. கிழக்கே போகப் போகக் கரிசல். கரிசல் கார மண். தோண்டினால் சுண்ணாம்புச் சுக்கான்கற்கள் வரும். அப்படிப்பட்ட மண்ணில் மாலக்கைட் கரையாமல் கெட்டியாகப் படியும். உவர் பூத்த நிலத்தில் உப்பு செம்பைத் தின்னும்; காசு பொரிந்து போயிருக்கும். மண்ணுக்கே போகாமல் கிழவிகளின் சுருக்குப் பைக்குள் வெற்றிலை, சுண்ணாம்பு, புகையிலையோடு வாழ்ந்த காலணாவுக்கு வேறு நிறம். திருப்பதிக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்து, போக வாய்க்காமல் பெட்டியிலேயே தங்கிவிட்ட காசுக்கு இன்னொரு நிறம்.

இந்த வட்டாரத்தில் செப்புக் காசுக்குப் பஞ்சமே இல்லை. சங்க காலப் பாண்டியரின் சதுரக் காசு, ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் கொண்ட ராஜராஜன் காசு, பிற்காலப் பாண்டியர் காசு, மதுரை நாயக்கர் காசு, கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு என்று வரிசையாகச் சொல்லலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா 1910இல் ராமநாதபுரம் ஜில்லா உருவாகும்வரை திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. அந்தத் திருநெல்வேலிச் சீமையின் காசுகளுக்கென்றே 1888இல் ஒரு நூல் வந்துவிட்டது. எழுதியவர் வேலூரில் இருந்த டேனிஷ் மிஷன் பாதிரியார் லோவந்தால். நம் காலத்தில் 2022இல் வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்தில் வெம்பக்கோட்டை அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல்களோடும் சுடுமண் பொருள்களோடும் செப்புக் காசுகளும் அங்கே கிடைத்தன. அகழாய்வுக் குழியில் வந்த காசை அங்கேயே யாரும் தேய்க்க மாட்டார்கள். காசின் மேல் ஒட்டிய மண்ணும் பச்சையும்கூட அந்தக் குழியின் பதிவேடு. உழும்போது உங்கள் வயலில் காசு கிடைத்தாலும் அதே மரியாதை அதற்கு உண்டு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரே காசு, இரண்டு வாழ்க்கை என்பதற்கு நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1801இல் கர்நாடக நவாபிடமிருந்து இந்தச் சீமை கம்பெனி கைக்குப் போயிற்று. எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன் என்று கணக்குப் போட்ட சென்னை மாகாணத்துக்காக, பர்மிங்ஹாமிலிருந்த மேத்யூ போல்டனின் சோஹோ அக்கசாலையில் பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை அச்சடித்தார்கள். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. 1808 என்று வருஷம் போட்ட காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் புயலில் சிக்கி இங்கிலாந்துக் கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அந்தக் காசுகளை மேலே கொண்டுவந்தார்கள்.

இப்போது பாருங்கள். வேறு கப்பல்களில் வந்துசேர்ந்த காசு நம் ஊர்ச் சந்தையில் புழங்கியது. உப்பு வாங்கி, புகையிலை வாங்கி, வியர்வையில் நனைந்து, மேடெல்லாம் தேய்ந்து, பழுப்பேறி, கடைசியில் யார் வீட்டு உண்டியலிலோ உறங்கியது. மூழ்கிய காசோ ஒருவர் கையிலும் புழங்கவில்லை. பீப்பாய்க்குள் நெருக்கமாகக் கட்டுண்டு கடல் நீர் புகாமல் தப்பியவை அச்சின் கூர்மை குறையாமல் வந்தன. உப்பு நீர் பட்டவை அரித்துச் சொரசொரப்பாகின. அச்சும் செம்பும் வருஷமும் ஒன்று, வாழ்ந்த இடம் வேறு. கடலில் கிடந்த காசுக்குப் பழுப்பேற்றி, "எங்கள் தாத்தா கல்லாவில் இருந்தது" என்று ஒருவர் விற்றால், காசு அசலாக இருந்தும் சொன்ன கதை பொய்யாகிவிடும். நிறத்தைப் போலி செய்வது என்பது காசின் சரித்திரத்தையே போலி செய்வது.

அழிக்கிறவர்களுக்கு வருகிறேன். இங்கே கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை. குற்றவாளி நம் வீட்டுப் புளிதான். செம்புக் குடத்தையும் பித்தளைக் குத்துவிளக்கையும் புளி போட்டு விளக்குவது நம் வெள்ளிக்கிழமை வழக்கம். புளியிலுள்ள அமிலம் ஆக்சைடையும் கார்பனேட்டையும் கரைத்துவிடும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் அதில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதும் இதே காரணத்தால்தான். குடத்துக்குப் புளி நல்லது. அதே பழக்கத்தில், "அண்ணாச்சி, நல்லா விளக்கிக் கொண்டாந்திருக்கேன், பாருங்க" என்று பளபளக்கும் நாயக்கர் காசை நீட்டுகிறார்கள். முந்நூறு, நானூறு வருஷம் சேர்ந்த படலம் அரை மணி நேரத்தில் சாக்கடையோடு போயிருக்கும். புளி, பீதாம்பரி, செங்கல் பொடி என்று எது போட்டாலும் அந்த இளஞ்சிவப்பு அச்சடித்த நாளின் இளஞ்சிவப்பு ஆகாது. புதுக் காசில் அச்சின் அழுத்தத்தால் வரும் மினுமினுப்பு, காசைச் சாய்க்கச் சாய்க்கச் சுழலும். விளக்கிய காசில் அந்தச் சுழற்சி இருக்காது. மயிரிழைக் கீறல்கள்தான் இருக்கும்.

விளக்கிய காசு விலை போகாது என்று தெரிந்ததும் சிலர் அடுத்த வேலையில் இறங்குகிறார்கள். இழந்த நிறத்தைத் திரும்ப ஏற்றுவது. கந்தகம் கலந்த கரைசல், வெந்த முட்டையின் மஞ்சள் கரு விடும் ஆவி, நவச்சார ஆவி, அடுப்புச் சூடு என்று வழிகள் பல. செயற்கை என்ற காரணத்துக்காகவே நான் அவற்றைத் திட்ட மாட்டேன். பிதரி வேலைப்பாட்டைப் பாருங்கள். துத்தநாகத்தில் கொஞ்சம் செம்பு கலந்து வார்த்து, வெள்ளி பதித்து, பீதர் கோட்டை மண்ணும் நவச்சாரமும் சேர்ந்த கலவையில் இட்டால் உலோகம் கறுத்து வெள்ளி பளிச்சென்று நிற்கும். அது கலை. லண்டன் அக்கசாலையே இந்த வேலையைச் செய்திருக்கிறது. வெண்கலத்தில் அடித்த புது ஃபார்த்திங் காசு, ஏறக்குறைய அதே அளவுள்ள அரை சவரன் பொற்காசைப் போலத் தோன்றி ஏமாற்றுக்கு இடம் கொடுத்தது. அதனால் 1897 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஃபார்த்திங்கைக் கறுப்பாக்கித்தான் வெளியிட்டார்கள். அந்தக் காசில் செயற்கைக் கறுப்புதான் அசல். பளபளவென்று ஒருவர் தேய்த்துக் கொண்டுவந்தால் அதுதான் கெட்டுப்போன காசு.

நம் ஜில்லாவிலேயே இதைவிடச் சிக்கலான கேள்வி கிடக்கிறது. சிவகாசி பக்கத்தில்தான் இருக்கிறது. வெடிமருந்தில் வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் உண்டு. பட்டாசு வேலைக்குப் போய்வரும் ஒருவர், கந்தகத் தூள் ஒட்டிய காகிதத்தில் நாலு காலணாவை மடித்துப் பரணில் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வருஷக்கணக்கில் அந்தக் காசுகள் கறுத்து, விளிம்பில் நீலமும் காட்டும். இன்னொருவர் அதே கந்தகத்தைச் சூடாக்கி, ஒரே ராத்திரியில் அதே நீலத்தை வரவழைக்கிறார். இரண்டிலும் உருவானது செப்பு சல்பைடுதான். முதலாவது இயற்கையா, இரண்டாவது செயற்கையா? கந்தகத்துக்கு நோக்கம் தெரியாது. சோதனைச்சாலைக்கு அனுப்பினால் படலத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வார்கள். ஏன் வந்தது என்று சொல்ல அவர்களாலும் ஆகாது. இயற்கைக்கும் செயற்கைக்கும் நடுவே வேதியியல் போட்ட வேலி எதுவும் இல்லை. வேகம், நோக்கம், வாங்குகிறவரிடம் சொன்னாரா மறைத்தாரா என்ற மூன்றில்தான் வேறுபாடு. அதனால் நிறத்தைப் பார்க்கும்போது "இது இயற்கையா?" என்று கேட்பதைவிட, "இந்த நிறம் இந்தக் காசின் வாழ்க்கையோடு பொருந்துகிறதா?" என்று கேட்பதே நல்லது.

பொருத்தம் பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ் போதும். புழங்கிய காசில் மேடான இடம் கை பட்டு வெளிறியும், பள்ளமும் எழுத்தின் ஓரமும் இருண்டும் இருக்க வேண்டும். தேய்ந்து மொழுக்கையான காசில் மேடு பள்ளம் பாராமல் ஒரே நீலம் பரவியிருந்தால், தேய்ந்த பிறகு ஏறிய நிறம் என்று பொருள். கீறலின் உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறம் பளபளத்தால், விளக்கிய பிறகு ஏற்றியது என்ற சந்தேகம் வரவேண்டும். மண்ணில் கிடந்த காசின் பச்சை வரிசையாக வரும்: செம்பின் மேல் சிவந்த குப்ரைட், அதன் மேல் மாலக்கைட். பச்சை உதிர்ந்த இடத்தில் அந்தச் சிவப்பு தெரியும். போலிப் பச்சை உதிர்ந்த இடத்தில் வெறும் உலோகம் பல்லைக் காட்டும். இதைப் பார்க்கக் காசைச் சுரண்டாதீர்கள். ஏற்கெனவே உதிர்ந்த இடத்தைப் பார்த்தால் போதும். பெயின்ட்டும் பசையும் கலந்து பூசிய பச்சை, சுத்தமான அசிட்டோன் தொட்ட பஞ்சில் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். மூக்கையும் பயன்படுத்துங்கள். நேற்று ஏற்றிய நிறம் சில சமயம் கந்தக நாற்றமாகவோ அம்மோனியா நெடியாகவோ தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

சில காசுகளுக்கு நிறம் வரை போகவே வேண்டாம். ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, ஓரணா என்று மறுபக்கம். கறுப்பும் பச்சையும் ஏற்றி, அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்று சொல்லி லட்சக்கணக்கில் பேரம் பேசுவார்கள். இப்படி ஓர் ஓரணாக் காசைக் கம்பெனி அடித்ததே இல்லை. இந்தியாவில் ஓரணா நாணயம் புழக்கத்துக்கு வந்தது 1907இல். அதுவும் செம்பில் அல்ல, நிக்கல் கலந்த உலோகத்தில், வளைவு வளைவான விளிம்போடு. பழங்காசுகளை வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி நடக்கும் மோசடி பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. சரித்திரம் தெரிந்தவனை வெறும் களிம்பைக் காட்டி ஏமாற்ற முடியாது.

"அப்படியானால் காசைச் சுத்தம் செய்யவே கூடாதா?" என்று ஒரு மாணவர் கேட்கத் துடிப்பது தெரிகிறது. செய்ய வேண்டிய நேரமும் உண்டு. பெருவழுதி என்று தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் செப்புக் காசை 1980களில் நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டபோது, சங்கப் பாடல்களில் வரும் பெயருக்குக் கையில் பிடித்துப் பார்க்கும் சான்று கிடைத்தது. அப்படி ஓர் எழுத்து கனத்த களிம்புக்கு அடியில் கிடந்தால் அதை வெளிக்கொணர்வது நியாயம். ஆனால் அதை அடுப்படியில் வைத்துச் செய்யக் கூடாது. இன்னொன்று செம்பின் நோய். குளோரைடு உள்ளே தங்கிவிட்டால், ஈரம் பட்டதும் அமிலம் உண்டாகி, செம்பைத் தின்று, மறுபடி குளோரைடாகித் தொடர்ந்துகொண்டே போகும். தொட்டால் உதிரும் வெளிர்பச்சை மாவு அதன் அறிகுறி. கெட்டியான பச்சை காசுக்குக் காப்பு. மாவாக உதிரும் பச்சை காசுக்கு எமன். இதற்கு வைத்தியம் பார்ப்பதில் இந்தியாவில் முன்னோடியாக இருந்தவர்களில் ஒரு தமிழர் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில், நோயுற்ற செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் மீட்டெடுத்தார் எஸ். பரமசிவன். மண்ணுக்கடியில் கிடந்து அரித்துப்போன எத்தனையோ திருமேனிகளின் முகத்தை இன்று நாம் காண முடிவது அந்த உழைப்பால்தான்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காசை விளிம்பில் பிடியுங்கள். விரலின் உப்பு ரேகையாகப் பதிந்துவிடும். மெத்தென்ற பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பத்தை விடுங்கள். பிவிசி காலப்போக்கில் பிசுபிசுத்துச் செம்பைப் பச்சையாக்கும். ரப்பர் பேண்டு போடாதீர்கள். அதில் கந்தகம் இருக்கிறது. அமிலமில்லாத காகித உறை, ஒரு சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலம், ஈரம் படாத அலமாரி, இவ்வளவு போதும்.

இதைவிட முக்கியமானது ஒரு துண்டுச் சீட்டு. ஒவ்வொரு காசோடும் மூன்று வரி எழுதி வையுங்கள்: யாரிடமிருந்து வந்தது, எந்த ஊரில், எதற்குள் இருந்தது. பட்டாசுக் காகிதத்தில் இருந்த காலணா என்றால் அதையும் கூச்சமில்லாமல் எழுதுங்கள். நீங்களே நிறம் ஏற்றிப் பார்த்தது என்றால் அதையும் எழுதுங்கள்; எழுதிவிட்டால் அது ஏமாற்று ஆகாது, பரிசோதனை ஆகும். வாங்கப் போகும்போது இதே மூன்று கேள்வியை விற்கிறவரிடம் கேளுங்கள். பதில் நிறத்தோடு பொருந்தினால் மனமாரக் கொடுங்கள். பதில் இல்லையென்றால், பிடித்திருந்தால் காசின் விலைக்கு வாங்குங்கள். நிறத்துக்கென்று ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். அப்படி நாலு பேர் கேட்கத் தொடங்கினால் இந்தச் சந்தையில் முட்டையும் கந்தகமும் தானாகச் செலவாகாமல் போகும்.